வித்து உழவனுடையது, கையொப்பம் எவனுடையது?

குளத்தூர்க் கத்தரி என்று ஒரு கத்தரி உண்டு. பால்போலும் வெண்ணிறம், முட்டை வடிவம், கொத்துக்கு இரண்டு முதல் நான்கு காய் வரை காய்க்கும் இயல்பு. அதை உருவாக்கியோர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெற்றவரல்லர். நல்ல காயைச் செடியிலேயே பழுக்கவிட்டு, வித்தெடுத்துச் சாம்பலிற் புரட்டி உலர்த்தி, அடுத்த பட்டத்திற்கென்று காத்துவைத்த உழவரும் உழவப் பெண்டிருமே அதன் ஆக்குநர். அந்த ஊர்க்கத்தரியினின்று தெரிந்தெடுத்த வகைக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இட்ட பெயர் 'கே.கே.எம். 1' என்பது. மூன்று ஆங்கில எழுத்து, ஓர் எண். குளத்தூர் போயிற்று; கத்தரியும் போயிற்று!

பெயர் மாறினால் என்ன, காயின் சுவையா மாறிவிட்டது என்று கேட்பாருண்டு. பெயர் மாறினால் என்னென்ன மாறும் என்பதைத் தமிழனுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. ஊர்ப்பெயர் மாறிய இடங்களில் ஊரின் வரலாறு மாறியது. தெய்வப்பெயர் மாறிய கோயில்களில் வழிபாட்டு மொழி மாறியது. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது வெறுஞ் சொல்லடுக்கிற்காக அன்று. பெயர் போன வழியே உரிமையும் போகும் என்னும் உண்மையை உணர்ந்ததனாலேயாம். சொல்லுக்குப் பொருந்துவது வித்துக்கும் பொருந்தும்.

குளத்தூர் என்னும் பெயருடைய ஊர் கரிசலில் விளாத்திகுளம் பக்கத்தில் ஒன்றுண்டு. பிற மாவட்டங்களிலும் உண்டு. எந்தக் குளத்தூரார் காத்த வித்து இது? எத்தனைத் தலைமுறை காத்தனர்? அவர்க்கு என்ன கைம்மாறு? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்படுவானுக்குக் 'குளத்தூர்க் கத்தரி' என்னும் பெயர் வழிகாட்டும். 'கே.கே.எம். 1' காட்டாது. அது வந்த வழியை மறைக்கும் பெயர்.

கரிசல் கற்றுத்தந்த அறிவு

கோவிற்பட்டி, எட்டையபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம், கயத்தாறு, சாத்தூர், அருப்புக்கோட்டை எனப் பரந்து கிடக்கும் கரிசற் காட்டில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றோடு சில கிழமைகளில் வந்து கொட்டிவிட்டுப் போவது. வற்றாத ஆறில்லை, வாய்க்காலில்லை. வானம் வழங்கினால் வாரி; வழங்காவிட்டால் வறட்சி. அதனாலேயே இவ்வேளாண்மைக்கு வானவாரி என்று பெயர்.

இந்த மண்ணில் உழுவதற்குத் தனியறிவு வேண்டும். கோடையிற் கால் நுழையும் அளவிற்கு வெடித்துக் கிடக்கும் கரிசல், மழை பெய்தபின் ஏர் நுழைய இடங்கொடாமல் ஒட்டிக்கொள்ளும். மழை வந்தபின் விதைக்கலாம் என்று காத்திருப்பவன் பட்டத்தை இழப்பான். ஆகவே மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவது கரிசலான் கண்ட முறை. வித்தை மேலாகத் தூவினால் முதல் தூற்றலிலேயே முளைத்துப் பின்னர்க் காய்ந்து கருகும்; ஆழத்தில் இட்டால் நல்ல மழை மண்ணுக்குள் இறங்கிய பின்னரே முளைக்கும். இதுதான் புழுதி விதைப்பு. எத்தனை விரற்கடை ஆழம் என்பதை எந்த அளவுகோலும் அவனுக்குச் சொல்லவில்லை, பட்டு அறிந்தான்.

கோவிற்பட்டியில் 1901ஆம் ஆண்டில், வெள்ளையர் ஆட்சியில், வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் அனைத்திந்திய வானவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்தின் நடுவங்களுள் ஒன்றாகவும் அது ஆக்கப்பட்டது. அந்நிலையம் உழவர்க்குப் பரிந்துரைக்கும் முறைகளுள் ஒன்று 'பருவமழைக்கு முந்திய விதைப்பு'. வித்தைக் கடினப்படுத்தி விதைக்கும் நுட்பத்தை அறிவியலர் அதனொடு சேர்த்தனர், அது மெய்யான தொண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் அடித்தளம் எவனுடையது? புழுதி விதைப்பு என்று உழவன் வாயில் வழங்கியது, பரிந்துரை ஏட்டில் ஏறியவுடன் ஆராய்ச்சி நிலையத்தின் நுட்பம் ஆகிவிடுகிறது. கற்பித்தவன் கற்றுக்கொள்ள வேண்டியவனாக மாறிவிடுகிறான்!

கருங்கண்ணியின் கதை

இத்தகைய மாற்றம் புதியதன்று. கரிசலின் பழம் பருத்தி கருங்கண்ணி. மழை பொய்த்தாலும் தாங்கும். சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கும் எளிதில் இடங்கொடாது. இப்பகுதிப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே கப்பலேறி, வெள்ளையரின் வணிகத்தில் 'தின்னெவெல்லி' என்று திருநெல்வேலியின் பெயர் திரிந்து வழங்கியது. 1880களில் ஆர்வி நிறுவனத்தார் பாவநாசத்திலும் தூத்துக்குடியிலும் நூலாலை எழுப்பினர். 1921இல் இந்தியப் பருத்தி நடுவண் குழு அமைக்கப்பட்டது. ஆராய்ச்சி எதற்காக? ஆலைக்கு நீண்ட இழை வேண்டும். ஒரே தரத்து இழை வேண்டும். ஆலை கேட்டது, ஆராய்ச்சி கொடுத்தது. உழவனின் தேவை என்ன என்று கேட்ட குரல் தாழ்ந்தே ஒலித்தது.

கோவிற்பட்டியினின்று வந்த வகைகளுக்கெல்லாம் ஊரின் ஆங்கில முதலெழுத்தே பெயராயிற்று. பருத்திக்கும் 'கே', சோளத்திற்கும் 'கே', மிளகாய்க்கும் 'கே'. கருங்கண்ணி என்னும் அழகிய தமிழ்ச்சொல், கரிய கண்ணையுடையது என்று தன் வித்தின் அடையாளத்தைத் தானே சொல்லும் சொல், 'கே 11' என்று சுருங்கியது. இன்று கரிசலில் கருங்கண்ணி அருகிவிட்டது. கடைக்குச் செல்லும் இளைஞன் பொதியைக் கேட்கிறானே யல்லாமல் பருத்தியைப் பெயர்சொல்லிக் கேட்பதில்லை. பெயரை மறந்தவன் வித்தைக் காப்பானா?

இந்த இடத்திற்குத்தான் 2002இல் மரபீனி மாற்றப்பட்ட பருத்தி வந்து நுழைந்தது. முதல் ஆண்டுகளில் 450 கிராம் பொதிக்கு 1,600 உருபா அளவில் விலை. அமெரிக்க மான்சாண்டோவிற்குச் சேரவேண்டிய மரபீனிக் கட்டணம் அவ்விலைக்குள் அடங்கியிருந்தது. 2006இல் ஆந்திர அரசு வழக்காடிய பின்னரே விலை 750 உருபா அளவிற்கு இறங்கியது. வீட்டு உறியிலிருந்த வித்து, ஆண்டுதோறும் கடன்பட்டு வாங்கும் சரக்காயிற்று. பருத்தியிற் பட்ட இப்பாடம் ஆறுமுன்னே, கத்தரியில் அடுத்த உடன்படிக்கை எழுதப்பட்டது.

2005ஆம் ஆண்டின் 'கூட்டாய்வு'

அந்த உடன்படிக்கையைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை பணம் தந்தது. அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகம் திட்டத்தை நடத்தியது. ஐதராபாத்தைச் சேர்ந்த சத்குரு என்னும் நிறுவனம் இடைநின்று ஒருங்கிணைத்தது. மகிகோ நிறுவனம் மரபீனியைத் தந்தது. அந்நிறுவனத்தில் மான்சாண்டோவிற்கு 26 விழுக்காட்டுப் பங்கு இருந்தது. கோவையிலுள்ள தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கருநாடகத்துத் தார்வாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வித்துகளைத் தந்தன. 2005இல் கையொப்பமாயிற்று.

தமிழ்நாட்டினின்று சென்ற கத்தரி வகைகள் நான்கு: கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1. முதல் மூன்றும் தமிழ்நாட்டு ஊர்க்கத்தரிகளினின்று தெரிந்தெடுத்தவை. கோ 2 என்பது வரிக்கத்தரி. மதுரை 1 என்பது கல்லம்பட்டிக் கத்தரி. கிள்ளிகுளம் 1 என்பது முதலிற் சொன்ன குளத்தூர்க் கத்தரி. மரபீனி தந்தவன் பெயர் உடன்படிக்கையில் இருந்தது. பணம் தந்தவன் பெயர் திட்டத்தின் நெற்றியில் இருந்தது. இடைநின்றவன் பெயரும் இருந்தது. வித்துத் தந்த கல்லம்பட்டியானும் குளத்தூரானும் கையொப்பமிட்டோர் வரிசையில் இல்லை.

இதற்குப் பெயர் கூட்டாய்வாம்! கூட்டு என்னும் தமிழ்ச்சொல்லின் பொருள் என்ன? கூடிச் செய்வது, கூடிப் பெறுவது, இழப்பு வந்தாலும் கூடித் தாங்குவது. நிலத்தில் வாரம் பிடிக்கும் எளிய உழவன்கூட, விளைச்சலில் இன்ன பங்கு என்று பேசி முடித்த பிறகே ஏரைப் பூட்டுகிறான். முதற்பொருளைத் தந்தவனை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே சிலர் கூடிக் கையொப்பமிடுவது கூட்டன்று. பிறன் பொருளைத் தம்முள் பங்கிட்டுக்கொள்வது.

மறுப்பாரின் சொல்லும் அதற்கு விடையும்

அத்திட்டத்தை ஏற்போர் இரண்டு கூறுவர். அவற்றை மறைப்பது அறமாகாது.

முதலாவது: கத்தரியைத் தண்டும் காயும் துளைக்கும் புழு அழிக்கிறது; அதனை ஒடுக்க உழவர் நஞ்சை மீண்டும் மீண்டும் தெளிக்கின்றனர்; அந்நஞ்சு உண்பவன் வயிற்றிற்கும் தெளிப்பவன் நுரையீரலுக்கும் போகிறது; ஆகவே ஆராய்ச்சி வேண்டும் என்பது. வேண்டும்; ஐயமில்லை! புழுவும் மெய், நஞ்சும் மெய். ஆராய்ச்சியை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. தமிழ் ஆராய்ச்சிக்குப் பகையான மொழியும் அன்று. ஆயின் நோய் மெய் என்பதனாலேயே நோயாளியைக் கேளாமல் வயிற்றைக் கிழிக்கும் உரிமை மருத்துவனுக்கு வந்துவிடுமா? நோயைச் சொல்லி, மருந்தைச் சொல்லி, அதன் தீங்கையும் சொல்லி, வேறு வழிகளையும் சொல்லி, அவன் தலையசைத்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

இரண்டாவது: பல்கலைக்கழக வகைகளுக்கு மரபீனிக் கட்டணம் இல்லை, அவை வீரிய ஒட்டுகள் அல்ல, ஏழை உழவர்க்குக் குறைந்த விலையிற் கிடைத்திருக்கும் என்பது. விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னது உண்மையே. ஆனால் அது கொடையாளன் பேசும் பேச்சு. கூட்டாளி பேசும் பேச்சன்று. ஒருவன் வீட்டு மாட்டை அவனைக் கேளாமல் ஓட்டிச்சென்று, அதன் கன்றை அவனுக்கே அரைவிலைக்குத் தருவதாகச் சொன்னால், அவன் நன்றி கூறவேண்டுமா, மாட்டைப்பற்றிக் கேட்கவேண்டுமா? விலைக்குறைவு என்பது ஒப்புதலுக்கு ஈடாகாது. பங்கு கேட்க உரியவனைப் பயன்பெறுவோன் என்று பெயர் மாற்றி அழைப்பதே இத்தகைய திட்டங்களின் சூழ்ச்சி.

ஏழு நகரம் கேட்டது, தமிழ்நாடு கேட்கப்படவில்லை

2009 அத்தோபர் 14ஆம் நாள் இந்திய அரசின் மரபீனிப் பொறியியல் ஒப்புதற் குழு இம்மாற்றுக் கத்தரிக்கு இசைவளித்தது. எதிர்ப்பு எழவே, அந்நாளைய சுற்றுச்சூழல் அமைச்சர் செயராம் இரமேசு 2010 சனவரி, பிப்பிரவரித் திங்கள்களில் மக்கள் கருத்தைக் கேட்கப் புறப்பட்டார். அதற்காக அமைந்த நகரங்கள் ஏழு: கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத்து, நாகபுரி, சண்டிகர், ஐதராபாத்து, பெங்களூர். 2010 பிப்பிரவரி 9ஆம் நாள் அவ்விசைவு நிறுத்திவைக்கப்பட்டது.

நிறுத்தியது நன்றே. ஆயின் அந்த ஏழு நகரங்களின் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். சென்னை இல்லை, மதுரை இல்லை, கோவை இல்லை, கோவிற்பட்டியின் பெயரை எவன் நினைத்தான்? தமிழ்நாட்டு வகைகள் நான்கு அத்திட்டத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் ஓர் அவைகூட அதற்கெனக் கூடவில்லை. வித்தைக் கேளாமல் எடுத்தனர். அவ்வித்தைப்பற்றிய கருத்தையும் கேளாமல் விட்டனர்.

அதே 2010இல் பெங்களூரைச் சேர்ந்த சூழல் அமைப்பொன்று, ஊர்க்கத்தரி வகைகளை உரிய இசைவின்றி எடுத்தாண்டனர் என்று முறையிட்டது. 2002இல் இயற்றிய பல்லுயிரியச் சட்டம் ஏற்கெனவே நடப்பில் இருந்தது. 2011இல் நடுவண் பல்லுயிரிய ஆணையம் சட்ட நடவடிக்கை எடுக்க முடிவு செய்தது. 2012இல் கருநாடகத்தில், நிறுவனத்தார் மேலும் தார்வாடு பல்கலைக்கழகத்தார் மேலும் குற்றவழக்குத் தொடுக்கப்பட்டது. அந்த ஆணையத்தின் தலைமை அலுவலகம் இருப்பது எங்கே? சென்னையில், தரமணியில்! அலுவலகம் தமிழ்நாட்டில், குரல் கருநாடகத்தில். கன்னடர் தம் ஊர்க்கத்தரிக்காக எழுந்து நின்றது பாராட்டிற்குரியது. தமிழர் அதுபோல் எழவில்லை என்பது நாணத்திற்குரியது.

அச்சட்டத்திலேயே ஒரு பொத்தல் உண்டு. அரசின் நெறிமுறைக்கு உட்பட்ட கூட்டாய்வுத் திட்டங்களுக்கு அதன் 5ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அங்குக் கூட்டு எனப்படுவது நிறுவனத்திற்கும் நிறுவனத்திற்கும் உள்ள கூட்டே. உழவன் அச்சொல்லுக்குள் வரவில்லை. 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டு 2024 ஏப்பிரல் முதல் நடப்பிற்கு வந்தது. மீறுவோர்க்கு முன்பிருந்த சிறைத்தண்டம் நீக்கப்பட்டுப் பணத்தண்டமாயிற்று. பெருநிறுவனத்திற்குப் பணத்தண்டம் என்பது கணக்கேட்டில் எழுதும் ஒரு செலவுதானே! சட்டம் என்ன சொல்லும் என்பதை வழக்குமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அறம் என்ன சொல்லும் என்பதே தமிழர் கேட்கவேண்டிய வினா.

ஊதியம் ஒருவனுக்கு, இழப்பு மற்றவனுக்கு

கூட்டின் உண்மை இழப்பில் தெரியும். கரிசலில் கம்பும் சோளமும் நின்ற புன்செய்களில் மக்காச்சோளம் பரவியது. வித்து பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் வீரிய ஒட்டு, ஆண்டுதோறும் வாங்கவேண்டியது. 2018இல் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த படைப்புழு இந்தியாவில் முதன்முதற் காணப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கிற்று. தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் குருத்துகள் உள்ளீடின்றித் தின்னப்பட்டன. உழவன் நஞ்சு வாங்கினான், கடன் வாங்கினான். இழப்பீட்டை அரசு தன் கருவூலத்தினின்று கொடுத்தது. அஃதாவது மக்களின் வரிப்பணமே இழப்பைத் தாங்கியது. வித்து விற்றவன் பெற்றது விற்பனை. உழவன் பெற்றது புழு. ஒரே பயிரை ஊரெங்கும் விதைக்கச்செய்த அறிவுரைக்கும் ஊக்கத்திற்கும் பொறுப்பேற்றவர் எவர்? கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் கலந்து விதைத்த பழங்கரிசலில், ஒரு புழு வந்தால் ஒரு பயிர் போகும். வீடு முழுதும் போகாது. அவ்வறிவைப் பழமை என்று ஒதுக்கியவர்கள், புழு வந்தபின் அதனையே ஊடுபயிர் என்று பரிந்துரைக்கின்றனர்!

உலகில் வேறு வழி உண்டு

இவ்வாறன்றி வேறு வழியே இல்லையா என்று ஐயுறுவோர், தொலைவிலுள்ள இரு மக்களைப் பார்க்கவேண்டும்.

தென்னமெரிக்கப் பெரு நாட்டில், குசுக்கோ மலைப்பகுதியில் கெச்சுவா மொழி பேசும் ஆறு சிற்றூர் மக்கள் ஒன்றுகூடி உருளைக்கிழங்குக் காப்பகம் ஒன்றை அமைத்தனர். அம்மலைகளினின்று முன்பு திரட்டப்பட்ட கிழங்கு வகைகள் இலிமா நகரிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு நடுவத்தில் இருந்தன. 2004இல் அந்நடுவம் அம்மக்களோடு உடன்படிக்கை செய்து, நூற்றுக்கணக்கான வகைகளை நோய்நீக்கிய வித்துக் கிழங்குகளாக அவர்கள் நிலத்திற்கே திருப்பித் தந்தது. எடுத்ததைத் திருப்பித் தந்த ஆராய்ச்சி நிலையம்! கையொப்பமிட்டோர் வரிசையில் உழவரும் இருந்த உடன்படிக்கை!

தென்னாப்பிரிக்கச் சான் மக்கள் வேட்டைக்குச் செல்லுங்கால் பசியடக்க மெல்லும் கள்ளிபோன்ற செடி ஊடியா. அவர்களைக் கேளாமலே அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அதன்மேற் காப்புரிமை பெற்றது. சான் மக்கள் வாளாவிருக்கவில்லை. போராடி 2003இல் பங்குரிமை உடன்படிக்கை பெற்றனர். அதனோடும் அமையாமல், தம்மிடம் ஆராய்ச்சிக்கு வருவோர் ஒழுகவேண்டிய நெறியைத் தாமே வகுத்து 2017இல் வெளியிட்டனர். மதிப்பு, வாய்மை, முறைமை, பரிவு, உரிய நடைமுறை என்னும் ஐந்தே அதன் தூண்கள். பெருநூலகம் இல்லாத மக்கள். பல்கலைக்கழகம் இல்லாத மக்கள். அவர்கள் ஆராய்ச்சியாளர்க்கு அறம் வகுத்துத் தந்தனர். அறத்திற்கென்றே நூல் செய்த மொழியின் மக்கள், உழவிற்கென்று ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளின் வழியினர், இன்னும் எவனோ ஒருவன் நீட்டும் ஆங்கிலத் தாளில் பெருவிரலைப் பதித்துக்கொண்டிருக்கலாமா?

ஒப்புதலின் மொழி

எல்லாவற்றிற்கும் வேரான குறை மொழியிலே இருக்கிறது. தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் தோன்றியது. தமிழ்வழியில் வேளாண் பட்டப்படிப்பு அறிவிக்கப்பட்டது 2021இல். இடையிலே ஐம்பது ஆண்டு! உழவன் பேசுவது தமிழ். ஏர் அறிந்தது தமிழ். மண்ணுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் பெயர் தமிழ். அவற்றைக் கற்கவந்த தமிழிளைஞன் ஐம்பதாண்டாக அவற்றை ஆங்கிலத்திற் கற்று, ஆங்கிலத்தில் ஆய்ந்து, ஆங்கில ஆய்விதழில் எழுதினான். 2005ஆம் ஆண்டு உடன்படிக்கையும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. உழவனுக்கு விளங்காத மொழியில் உழவனைப்பற்றி எழுதுவதற்கு அவனிடம் ஒப்புதல் கேட்க வேண்டும் என்னும் எண்ணமே எழாது போனதில் வியப்பென்ன?

ஊர்ப்புறத்திலிருந்து ஒன்றைத் திரட்டுவோன் எங்ஙனம் திரட்டவேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டும் இதே கரிசலில்தான் உண்டு. இடைசெவலைச் சேர்ந்த கி. இராசநாராயணன் கல்லூரிப் படிப்பில்லாதவர். அவருடைய கொச்சை நடையைத் தனித்தமிழார் ஏற்பதில்லை. அது வேறு வழக்கு. ஆயினும் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி அகராதி செய்த அவர், அதற்குத் தம் பெயரின் முதலெழுத்தையும் எண்ணையும் இடவில்லை. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி என்று கரிசலின் பெயரையே இட்டார். எவரிடமிருந்து எடுத்தாரோ, அவர் படித்தறியும் மொழியிலேயே திருப்பித் தந்தார். பட்டமில்லாதவர் செய்த இதனைப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் செய்ய இயலாதா?

தமிழர் கேட்கவேண்டியவை

கரிசலிலாகட்டும், வேறெந்தத் தமிழ்நிலத்திலாகட்டும், மக்களின் வித்தையும் நிலத்தையும் அறிவையும் கொண்டு நடக்கும் எந்த ஆராய்ச்சிக்கும் ஐந்து நெறிகள் கட்டாயமாக்கப்படவேண்டும்.

ஒன்று: ஒப்புதல் தமிழில் கேட்கப்படவேண்டும், ஊர்மன்றத்தில், ஊரறியக் கேட்கப்படவேண்டும். பயனைச் சொல்லும் வாய் தீங்கையும் சொல்லவேண்டும். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் ஒப்புதல் என்பது வெறுஞ் சொல்.

இரண்டு: ஊர்வித்தினின்று தெரிந்தெடுத்த வகைக்கு அவ்வூரின் பெயரும் அவ்வித்தின் தமிழ்ப்பெயரும் நிலைக்கவேண்டும். 2001ஆம் ஆண்டின் பயிர்வகைக் காப்பு, உழவர் உரிமைச் சட்டமே, வகையைப் பதிவோர் மூலவித்து வந்த இடத்தைக் காட்டவேண்டும் என்கிறது. காட்டும் இடத்தைப் பெயரிலேயே காட்டுவதில் என்ன இடர்?

மூன்று: உடன்படிக்கையில் உழவர் தரப்பும் கையொப்பமிடவேண்டும். வருவாயிற் பங்கும், வித்தைக் காத்து மறுபடி விதைக்கவும் பிறர்க்குக் கொடுக்கவும் உள்ள உரிமையும் அதில் எழுத்தால் உறுதிப்படவேண்டும்.

நான்கு: இழப்பு நேர்ந்தால் அதனைத் தாங்கும் பொறுப்பு, பரிந்துரைத்தவனையும் விற்றவனையும் சேரவேண்டும்.

ஐந்து: ஆராய்ச்சியின் முடிவு, வென்றதாயினும் தோற்றதாயினும், தமிழில் எழுதப்பட்டு அவ்வூருக்கே திரும்பி வரவேண்டும்.

இவற்றை அரசு தானாகத் தரும் என்று காத்திருப்பது மழைக்குப் பின் விதைப்பதை ஒக்கும். ஒவ்வோர் ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிரியப் பதிவேடு இருக்கவேண்டும் என்பது சட்டம். அப்பதிவேட்டைக் காட்டும்படி ஊராட்சி அலுவலகத்தில் கேட்கலாம். அதில் ஊரின் வித்துகள் எந்தப் பெயரில் எழுதப்பட்டுள்ளன என்று பார்க்கலாம். எழுதப்படாதிருந்தால், முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யலாம். பள்ளி மாணவர் வீடுதோறும் சென்று பாட்டியரிடம் வித்துப் பெயர்களைத் திரட்டலாம். எந்தக் கத்தரி, எந்தக் கம்பு, எந்தச் சோளம், எவர் வீட்டினின்று வந்தது, எந்த மண்ணுக்கு ஏற்றது என்று ஏட்டில் எழுதலாம். அந்த ஏடு நாளை வழக்குமன்றத்திற் சான்றாகும். அதற்கு முன்பே, ஊரார் நெஞ்சில் உரிமையாகும்.

குளத்தூர்க் கத்தரியைக் குளத்தூர்க் கத்தரி என்று அழைப்பதே முதற்போர். கருங்கண்ணியைக் கருங்கண்ணி என்று கேட்டு வாங்குவதே இரண்டாம் போர். பெயரை மீட்டவன் வித்தை மீட்பான். வித்தை மீட்டவன் நிலத்தை மீட்பான். அடுத்த உடன்படிக்கைத் தாள் மேசைமேல் விரிக்கப்படும் நாள் வரத்தான் போகிறது. அன்று கரிசலான் கதவுக்கு வெளியே நிற்கலாகாது. உள்ளே அமர்ந்து, தமிழில் எழுதப்பட்ட தாளைத் தானே படித்துப் பார்த்து, வேண்டுமாயின் கையொப்பமிடவும் வேண்டாவாயின் கிழித்தெறியவும் உரியவனாக இருத்தல் வேண்டும்!